இடது பக்கம் காலியாக இருந்தது

நான் திரைக்கதை எழுதுவது பழைய பாணியில். தாளின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் கண்ணில் படுவது, வலது பக்கம் காதில் விழுவது. இதற்கென்று மென்பொருட்கள் வந்து வருஷக்கணக்காகிறது, கடைசியில் நானும் அதில்தான் ஏற்றுகிறேன். ஆனால் முதல் டிராஃப்ட் மட்டும் கோடு போட்ட தாளில்தான். போன வருஷம் என்னைக் காட்டிக்கொடுத்தது இந்தக் கோடுதான்.

கதை இதுதான். மாணிக்கம், வயது 43, ஆம்புலன்ஸ் ஓட்டுநர். 14 வருஷ சர்வீஸ். எவ்வளவு நெரிசலிலும் வண்டியை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். ஆனால் இறக்கிவிட்ட ஆளுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. படம் முடியும்போது அவன் கேட்கிற ஆளாக மாறியிருக்க வேண்டும். ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், சொன்னபோது டிஸ்கஷனில் இருந்த அத்தனை பேரும் "பிடிச்சிருக்கு" என்றார்கள். நானும் மிதப்பாக உட்கார்ந்து மூன்று மாதத்தில் 68 சீன் எழுதினேன்.

அதைப் படித்துப் பார்த்தவர் எங்கள் குழுவில் எல்லோருக்கும் அண்ணன். ரொம்ப வருஷமாக அசோசியேட் டைரக்டர். 61-வது சீனைத் திறந்து என் முன்னால் வைத்தார். மொட்டை மாடி, இரவு. மாணிக்கம் தன் உதவியாளர் ஷீபாவிடம் மனம் திறக்கிறான். இரண்டேகால் பக்க வசனம். "இத்தனை வருஷமா நான் ஆளுங்களைக் கொண்டு போகல ஷீபா, சுமையைக் கொண்டு போயிருக்கேன்" என்று தொடங்கும். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

"டேய், இதுல யாருடா பேசுறது? உன் ஆளா, நீயா?"

"அண்ணே, அவன் மாறுற இடம்ணே அது."

"மாறுறான்னு சொல்றான். இங்க பாரு." கோட்டுக்கு இடது பக்கம் விரலை வைத்தார். இரண்டேகால் பக்கத்துக்கும் சேர்த்து அங்கே எழுதியிருந்தது ஒரே வரி: 'மாணிக்கம் வானத்தைப் பார்க்கிறான்.'

கூச்சமாகிவிட்டது. வானத்தைப் பார்க்க மாறத் தேவையில்லை. யாரும் எப்போதும் பார்க்கலாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து 68 சீனையும் 68 அட்டையில் எழுதித் தரையில் பரப்பினேன். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் ஒரே கேள்வி: இந்த சீனில் மாணிக்கம் எதைத் தேர்ந்தெடுக்கிறான்? பதில் இருந்தால் எழுது, இல்லையென்றால் கோடு போடு. எழுத முடிந்தது ஒன்பது அட்டை. மிச்சம் 59-லும் அவனுக்கு ஏதோ நடக்கிறது, அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். மழை பெய்கிறது, அதிகாரி திட்டுகிறார், அம்மா இறந்துபோகிறார். 22-வது சீனில் அம்மா இறக்கிறார், 61-வது சீனில் இவன் மாறிவிடுகிறான். நடுவில் 38 சீன். அம்மா செத்த துக்கம் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் மனசுக்குள் வேலை செய்தது, தாளில் செய்யவில்லை.

இடி விழுந்தால் ஆள் மாறிவிடுவான் என்பது எழுதுகிறவர்களின் சோம்பேறித்தனம். நிஜத்தில் இடி விழுந்த மறுநாள் மனுஷன் பழைய பழக்கத்தை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். குரோசாவா 1952-இல் எடுத்த 'இகிரு'வை இதற்காகவே திரும்பப் பார்த்தேன். தனக்கு வயிற்றில் புற்றுநோய் என்று அந்த வயதான அலுவலர் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே புரிந்துகொள்கிறார். அதனால் உடனே மாறுகிறாரா? இல்லை. குடிக்கப் போகிறார், ராத்திரி முழுக்க ஊர் சுற்றுகிறார், ஒரு இளம்பெண்ணின் உற்சாகத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறார். இதெல்லாம் தோற்ற பிறகுதான் அலுவலகத்துக்குத் திரும்பி, கிடப்பில் கிடந்த ஒரு மனுவைக் கையில் எடுக்கிறார். என்னை அதைவிட அசத்தியது கடைசிப் பகுதி. அவருடைய இறுதி அஞ்சலியில் சக ஊழியர்கள் குடித்துவிட்டு, இனி நாமும் அவரைப் போல இருப்போம் என்று கண்ணீர் விட்டுச் சபதம் செய்கிறார்கள். பிறகு அலுவலகத்தில் அதே பழைய நாற்காலி, அதே பழைய கை விரிப்பு. என்னுடைய 61-வது சீன் அந்தச் சபதம்தான். அதை மாற்றம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஒரு இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. கல்லூரியில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி மறந்தது. அந்தப் பெயரையே நான் யோசித்துப் பார்த்ததில்லை. உள்ளே இருப்பது மெய்யில், அதாவது உடம்பில், படுவது. திரைக்கதைக்காரனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? நாவல் எழுதுகிறவர் 'அவனுக்குள் ஏதோ உடைந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். நான் அப்படி எழுதினால் கேமராமேன் என்னைத்தான் பார்ப்பார்.

சரி, உடம்பில் காட்டுவது எப்படி? எனக்குப் பிடிபட்ட ஒரே வழி, ஒரே காரியத்தை அவனை மறுபடி செய்ய வைப்பது. கண்ணகியின் சிலம்பு மாதிரி. எல்லாம் இழந்து கோவலன் வீடு திரும்பும்போது, முகத்தில் சிரிப்போடு, சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அது 9-வது காதை. 20-வது காதையில் பாண்டியன் அவையில் அதே சிலம்பை உடைக்கிறாள். பொருள் மாறவில்லை, கை மாறவில்லை. கொடுத்த கை உடைக்கிறது. இளங்கோ அதைச் சட்டென்று செய்துவிடவுமில்லை. நடுவில் துன்ப மாலை, ஊர்சூழ் வரி என்று அவளைப் படிப்படியாகத் தெருவுக்குக் கொண்டுவருகிறார்.

என் மாணிக்கத்துக்குச் சிலம்பு எது என்று இரண்டு வாரம் தேடினேன். அது முதல் டிராஃப்ட்டிலேயே கிடந்தது: மருத்துவமனையின் கண்ணாடிக் கதவு.

7-வது சீன். ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டி உள்ளே போகிறது. கதவு மூடுவதற்குள் மாணிக்கம் திரும்பிவிடுகிறான். வண்டியின் தரையைத் துணியால் துடைக்கிறான், ஏறி உட்கார்கிறான், டிரிப் ஷீட்டில் கிலோமீட்டரும் நேரமும் எழுதுகிறான். ஷீபா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். "அந்தப் பாட்டி பிழைச்சிடுவாங்களாண்ணே?" அவன் எழுதுவதை நிறுத்தவில்லை. "கதவைச் சாத்தும்மா." அவ்வளவுதான் வசனம். இடது பக்கம் நிறைந்துவிட்டது.

66-வது சீன் என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது. அவன் அதே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். என்னைத் திணறடித்தது நடு சீன். அது இல்லாமல் 7-லிருந்து 66-க்குத் தாவினால் மறுபடி சபதம்தான்.

நடு சீனில் அவனைத் தோற்க வைக்க வேண்டும் என்பது புரியவே ஒரு மாதம் ஆனது. நான் அவன் மேல் ரொம்பப் பிரியமாக இருந்தேன், அதுதான் கோளாறு. எழுதுகிறவர்களுக்குத் தங்கள் ஆளைக் கேவலப்படுத்த மனசு வராது. கடைசியில் எழுதியது இது. ஒரு சிறுவனைக் கொண்டுவந்து சேர்த்த மறுநாள். 41-வது சீன். மாணிக்கம் முதன்முறையாகக் கதவைத் தாண்டுகிறான். கவுண்டரின் விளிம்பில் கை வைக்கிறான். உள்ளிருக்கிற பெண் நிமிர்ந்து, "சொல்லுங்க, யாரைப் பார்க்கணும்?" என்கிறாள். அவனுக்குப் பையனின் பெயர்கூடத் தெரியாது. வாய் திறக்கிறது. "டாய்லெட் எந்தப் பக்கம்?"

14 வருஷமாக வந்துபோகிற இடம். அவள் ஒரு கணம் அவன் சீருடையைப் பார்க்கிறாள். கையைக் காட்டுகிறாள். அவனும் அந்தப் பக்கமே நடக்கிறான், வேறு வழியில்லாமல்.

அண்ணன் இதைப் படித்துவிட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தம் வந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. 61-வது சீன் முழுக்கப் போயிற்று. கூடவே நாலு பக்க ஃபிளாஷ்பேக்கும். அவன் ஏன் கேட்பதில்லை என்பதற்கு ஒரு இளமைக்காலச் சோகம் வைத்திருந்தேன், தப்பித்துக்கொள்ள ஒரு மருத்துவச் சான்றிதழ் மாதிரி. அதற்குப் பதில் ஷீபாவிடம் ஓட்டிக்கொண்டே ஒரு வரி சொல்கிறான்: "முதல் வருஷம் நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்." மிச்சத்தைப் பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்வார்கள். நாலு பக்கத்தைவிட அவர்கள் போட்டுக்கொள்வது கனமாகவே இருக்கும்.

ஷீபா விஷயத்தில் ஒரு சறுக்கல். அவள் நோயாளிகள் பெயரை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கிறவள். இவன் கேட்கத் தொடங்கும்போது அவள் கேட்பதை நிறுத்திவிடுகிறாள், நோட்டைக் கிழித்துப் போடுகிறாள் என்று எழுதியிருந்தேன். ஒருத்தர் ஏற, ஒருத்தர் இறங்க, தராசு மாதிரி. படித்தவுடன் எனக்கே பிளாஸ்டிக் வாடை அடித்தது. இப்போது அவள் கிழிப்பதில்லை. நோட்டு தீர்ந்துபோகிறது, புதிது வாங்க மறந்துபோகிறாள். 

விலை ஒன்றும் வைக்க வேண்டியிருந்தது. மாணிக்கத்துக்குப் படம் முழுக்க வேண்டியது அமைதியான ஒரு ஆபீஸ் வண்டிக்கு டிரான்ஸ்பர். அது கிடைத்துவிட்டது. காலை ஒன்பது மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். 66-வது சீனில் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற கடிகாரம் எட்டு ஐம்பது காட்டுகிறது. அவன் அதைப் பார்க்கிறான், ஆனால் நகரவில்லை. "பேர் தெரியாதும்மா. நேத்து ராத்திரி ரெண்டு பத்துக்கு நான்தான் கொண்டாந்தேன். நீலச் சட்டை." அவள் பதிவேட்டைத் திருப்புகிறாள். விரல் வரிசையில் இறங்குகிறது.

நீலச் சட்டை பிழைத்தானா? முதலில் பிழைக்க வைத்தேன், கேட்டதற்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. சாகடித்தேன், பழி வாங்கியது போல இருந்தது. விரலிலேயே கட் செய்தேன். "தியேட்டர்ல திட்டுவான்டா" என்கிறார் அண்ணன். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

போன மாதம் பைலட்டுக்காக, அதாவது படத்துக்கு முன்னோட்டமாக எடுத்துக் காட்டும் மாதிரிக்காக, இந்த மூன்று சீன்களை மட்டும் ஒரே நாளில் எடுத்தோம். சினிமா வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இடம், வெளிச்சம், ஆட்கள் கிடைக்கிற நேரம், இவைதான் தீர்மானிக்கும். கண்ணாடிக் கதவில் காலை வெயில் விழ வேண்டுமென்று 66 முதலில் வந்தது, பிறகு 7, மதியத்துக்கு மேல் 41. மேக்கப் போட்டுக்கொண்டே நடிகர் என்னைக் கூப்பிட்டார். "சார், இப்ப எந்த மாணிக்கம்?"

பழைய டிராஃப்டாக இருந்திருந்தால் நான் அரை மணி நேரம் மனோதத்துவம் பேசியிருப்பேன். இப்போது சொன்னது இவ்வளவுதான்: "7-ல கதவுக்குப் பதினைஞ்சடி தள்ளி, முதுகைக் காட்டி நிக்கிறீங்க. 41-ல கவுண்டர் வரைக்கும் வர்றீங்க, கால் மட்டும் வாசலைப் பார்த்து இருக்கு. இப்ப எடுக்கறது 66. காலும் உள்ளே திரும்பியாச்சு." அவர் தலையாட்டிவிட்டுப் போய் நின்றார்.

இரண்டாவது டேக்கில், கவுண்டரில் கை வைப்பதற்கு முன் அவர் உள்ளங்கையை பேன்ட்டில் ஒருமுறை துடைத்துக்கொண்டார். 7-வது சீனில் வண்டியின் தரையைத் துடைக்கிற அதே வேகத்தில். நாங்கள் யாரும் சொல்லவில்லை. அந்த சீன் அவருக்கு இன்னும் எடுக்கப்படவே இல்லை, படித்திருக்கிறார், அவ்வளவுதான். அன்று ராத்திரி தாளை எடுத்து இடது பக்கத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன்.