நாலு மண்ணுல நிலவேம்பு: எது கசப்பு அதிகம்னு வளத்துப் பாத்தேன்

போன வருசம் அம்மாவுக்கு காய்ச்சல் வந்தப்ப ரெண்டு நாட்டு மருந்துக் கடையில நிலவேம்பு வாங்குனேன், ஒண்ணு வாயில வச்சதும் காது வரைக்கும் கசந்துச்சு, இன்னொண்ணு காஞ்ச புல்ல கொதிக்க வச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டும் ஒரே செடிதான், குச்சியை உடைச்சுப் பாத்தேன், சதுரத் தண்டு, அதே காய். அப்புறம் ஏன்டா இப்படின்னு மண்டையில உக்காந்துகிச்சு. ஆத்தூர் பக்கம் எங்க மாமா ஒருத்தர் மருந்துக்கூர்க்கன்னு ஒரு மருந்துக் கிழங்கு போட்டவரு, அவரு "மண்ணுக்கு மண்ணு சரக்கு மாறும்டா மாப்ள, எல்லா கிழங்கும் ஒண்ணா என்ன"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாரு. அதை சேலம் அஸ்தம்பட்டியில இருக்குற நம்ம வீட்டு மொட்டை மாடியிலயே பாத்துருவோம்னு ஆரம்பிச்சதுதான் இது. நான் அறிவியல் படிச்சவன் இல்ல, டெக்ஸ்டைல் கணக்கு பாக்குறவன், அதனால தப்பு பண்ணுனதையும் சேத்தே எழுதுறேன்.

நிலவேம்போட கசப்புக்கு முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடுன்னு ஒரு சேர்மம். அது அதிகமா இருக்குறது இலையில, தண்டுல கம்மி. பூ எடுக்குற சமயத்துல தான் உச்சத்துல இருக்கும், காய் முத்துனா இறங்கிரும். இந்த ரெண்டு விசயத்தையும் முதல்லயே படிச்சுட்டேன், படிச்சும் கோட்டை விட்டேன், அது பின்னாடி வருது.

மண்ணு நாலு வகை எடுத்தேன். முதல் பை அயோத்தியாப்பட்டணம் பக்கம் சொந்தக்காரங்க காட்டுச் செம்மண், எதுவும் கலக்கல. ரெண்டாவது ஏற்காடு மண்ணு, காபி எஸ்டேட்ல வேலை பாக்குற நண்பன் ரெண்டு உரச்சாக்குல கட்டிக் குடுத்தான், அதை பைக்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு வச்சு இருவது கொண்டை ஊசி வளைவும் இறங்குனேன், அந்தக் கதைய வீட்ல இன்னும் சொல்லல. மூணாவது மாமாங்கம் பக்கம் ஒரு நண்பன் வீட்டுக்கு வானம் தோண்டுனப்ப வந்த வெள்ளை மண்ணு, அதுல பாதிக்குப் பாதி செம்மண் சேத்தேன். நாலாவது அதே செம்மண்ணோட மக்குன மாட்டு எருவும் மண்புழு உரமும் தாராளமா, மூணுல ஒரு பங்கு உரம். ஒவ்வொண்ணுலயும் நாலு பை, மொத்தம் பதினாறு க்ரோ பேக்.

மாமாங்கம் மண்ணைப் பத்தி ஒண்ணு சொல்லணும். சேலம் ஜங்ஷனுக்கு வடக்க வெள்ளை வெள்ளையா தெரியுமே, அதுக்கு வெள்ளைக்காரன் வச்ச பேரு சாக் ஹில்ஸ், ஆனா அது சாக்கும் இல்ல சுண்ணாம்பும் இல்ல, மேக்னசைட்னு மக்னீசியக் கல்லு. ஒரு வெள்ளைக் கல்லு மேல வினிகர் ஊத்திப் பாத்தேன், சும்மா ஈரமாச்சு, அவ்வளவுதான். சுண்ணாம்புக் கல்லா இருந்தா நுரைச்சிருக்கும். அந்த மண்ணுல மக்னீசியம் ஏகத்துக்கும் இருக்கும், கால்சியம் கம்மி. செடிக்கு ரெண்டும் ஒரு அளவுல வேணும், ஒண்ணு எக்கச்சக்கமா இருந்தா இன்னொண்ணை வேர் எடுக்க விடாது.

பிஹெச் (மண்ணு புளிப்பா காரமான்னு சொல்ற எண், 7க்குக் கீழ போனா புளிப்பு) பாக்க பத்து கிராம் மண்ணுக்கு 25 மில்லி டிஸ்டில்டு வாட்டர், நல்லா கலக்கி அரை மணி நேரம் விட்டு பேனா மீட்டர வச்சேன். செம்மண் 7.1, ஏற்காடு 5.6, மாமாங்கம் கலவை 8.4, உரம் போட்டது 7.3. ஏற்காட்டுல மழை நிறைய, காலகாலமா அது மண்ணுல இருக்குற கால்சியம் மக்னீசியம் எல்லாத்தையும் கழுவிக்கிட்டு போயிருது, போதாததுக்கு எஸ்டேட்ல நிழல் மரத்து இலை விழுந்து மக்கிக்கிட்டே இருக்கும், அதான் புளிப்பு.

வைகாசியில விதை போட்டேன். கடுகு மாதிரி குட்டி விதை, தோல் கெட்டி, சும்மா தூவுனா மொளைக்க அடம் பிடிக்கும். மணல்ல போட்டு லேசா தேச்சு ராத்திரி ஊற வச்சப்புறம் பத்து பன்னெண்டு நாள்ல மொளைச்சுது. ஆனி கடைசியில பைக்கு மாத்துனேன்.

முப்பதாம் நாள்: உரப்பை செடி முழங்கால் தொட்டுருச்சு, கரும்பச்சை, பக்கத்துல போனாலே இலை மேல இலை. செம்மண் சுமார். ஏற்காடு மண்ணு செம்மண்ணை விட கொஞ்சம் பின்னாடி. மாமாங்கம் தான் பாவம், ஒரு சாண் கூட இல்ல, மேல வர்ற குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு. அது இரும்புச்சத்து கிடைக்காத அடையாளம். மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, பிஹெச் ஏறுனா அது கரையாம கிடக்கும், வேர் பக்கத்துலயே இருந்தும் பட்டினி. வீட்டுக்காரி பாத்துட்டு "அதுக்கு மட்டும் தண்ணி ஊத்த மாட்டேங்கறீங்களா"ன்னு கேட்டா.

அறுவதாம் நாள் தான் முதல் அடி. மறுபடி பிஹெச் பாத்தா ஏற்காடு மண்ணு 6.8! 5.6 இருந்தது எங்க போச்சு? பையோட மேல் மண்ணைப் பாத்தா வெள்ளையா ஒரு பொறுக்கு, நகத்தால சுரண்டுனா உப்பு மாதிரி வருது. எங்க வீட்டு போர் தண்ணிதான். கரைஞ்ச உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர்ல 1180 காட்டுற தண்ணிய ரெண்டு மாசமா பதினாறு பைக்கும் ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன். உப்புத் தண்ணியில இருக்குற பைகார்பனேட்டு கொஞ்சம் கொஞ்சமா மண்ணோட புளிப்பைத் தின்னுரும். காட்டுல மழை வந்து கழுவிரும், பையில எங்க போகும், அங்கயே படியுது. ஆக நான் ஏற்காடு மண்ணுன்னு எழுதி ஒட்டி வச்சிருந்தது பாதி அஸ்தம்பட்டி போர் தண்ணி மண்ணு. அன்னிக்கு வெறுத்துப் போச்சு. அதுக்கப்புறம் ட்ரம்மு வச்சு மழைத் தண்ணி பிடிச்சு ஏற்காடு பைக்கு மட்டும் ஊத்துனேன், ஆனா அப்படி மாத்துனதும் ஒரு தப்புதான், நாலுல ஒண்ணுக்கு மட்டும் வேற தண்ணின்னா அது என்ன ஒப்பீடு. சரி விடுங்க.

இடையில மண்ணு குடுத்த நண்பனைப் பாக்க ஏற்காடு போனேன். அங்க மலையாளிப் பழங்குடி ஊர்க்காரர் ஒரு பெரியவர், எஸ்டேட்ல கவாத்துக்கு வந்தவரு, என் கதைய கேட்டு சிரிச்சுட்டாரு. "தம்பி, மண்ணை மட்டும் கீழ கொண்டு போயிட்டா மலை கூட வந்துருமா? வெயிலு, பனி, அதெல்லாம் எந்தச் சாக்குல கட்டுவ?" பதில் சொல்ல முடியல. கீழ மலையடிவாரத்துல கரட்டு மேட்டுல தானா மொளைச்ச நிலவேம்புதான் எடுப்பாராம், கிணத்து மேட்டு ஓரம் தளதளன்னு இருக்குறத தொட மாட்டாராம். "தண்ணி குடிச்ச செடி தண்ணி மாதிரி தான் இருக்கும்." இது சும்மா பழக்கத்துல சொல்ற பேச்சு இல்ல. தழைச்சத்து நிறைய கிடைச்சா செடி அதை வச்சு இலை தண்டுன்னு உடம்பை வளக்கும், கசப்புப் பொருள் சேக்குற வேகம் அந்த வளர்ச்சிக்கு ஈடு குடுக்காது, அப்ப ஒரு கிராமுக்கு உள்ள பங்கு குறையலாம். செடி முழுசுக்கும் கணக்குப் பாத்தா அது வேற கதை.

புரட்டாசி கடைசி, தொண்ணூறு நாள் சுமார், அறுவடை. தரையில இருந்து நாலு விரக்கடை விட்டு அறுத்து நிழல்ல எட்டு நாள் காய வச்சேன். ஒரு செடிக்கு காஞ்ச எடை சராசரியா: உரப்பை 27 கிராம், செம்மண் 14, ஏற்காடு 11, மாமாங்கம் 4.

இப்ப கசப்பை எப்படி அளக்குறது? லேப்ல எச்பிஎல்சி மிஷின்ல போட்டா சரியா சொல்லிருவாங்க, நாலு சாம்பிளுக்கு கேட்ட ரேட்டுக்கு எங்க வீட்ல என்னைய காய வச்சிருவாங்க. அதனால நாக்கு. ஒரு கிராம் தூள், நூறு மில்லி கேன் தண்ணி, பத்து நிமிசம் கொதி, வடிகட்டி மறுபடி நூறுக்கு கொண்டு வரணும். அதுல அம்பது எடுத்து அம்பது தண்ணி சேத்தா ஒரு படி, அதுல பாதி எடுத்து மறுபடி பாதி தண்ணின்னா ரெண்டாம் படி, இப்படி எத்தனாவது படியில கசப்பு காணாமப் போகுதுன்னு எண்ணணும். நான், அம்மா, பையன், மூணு பேருல ரெண்டு பேரு கசப்பு இல்லன்னா நிறுத்தணும். எந்த டம்ளர் எதுன்னு வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும், பால் கணக்கு நோட்டுக்குப் பின்னாடி எழுதி வச்சுகிட்டா.

முதல் நாளே சொதப்பல். கெட்டியானதுல இருந்து ஆரம்பிச்சேன். நாக்குல ஒட்டுன கசப்பு அரை மணி நேரம் ஆனாலும் போகல, நடுவுல வீட்டுக்காரி வேணும்னே வெறும் தண்ணிய வச்சா, பையன் அதைக் குடிச்சுட்டு "இதுதாம்மா ரொம்ப கசக்குது"ன்னு மூஞ்சிய சுளிச்சான். அப்புறம்தான் மெலிசுல இருந்து கெட்டிக்குப் போகணும், ஒரு நாளைக்கு ஒரே மண்ணு, நடுவுல ரெண்டு வாய் பொரின்னு மாத்துனோம். நாலு நாள் ஆச்சு. பையனுக்கு கூலியா தட்டுவடை செட்டு.

வந்தது இது: செம்மண் 6 படி, ஏற்காடு 6, மாமாங்கம் 6, உரப்பை 5. ஆஹா பெரியவர் சொன்னது சரி, உரம் போட்டா கசப்பு பாதியாயிருதுன்னு ரெண்டு நாள் பாக்குறவங்ககிட்ட எல்லாம் அளந்து விட்டேன். மூணாவது நாள் மிச்சத்தை டப்பாவுல அடைக்கும்போது உரப்பை மூட்டையில கைய விட்டா ஒரே குச்சி. விரல் தடிமன்ல பாதி. மாமாங்கம் டப்பாவுல குச்சியே தேடணும், ஈர்க்குச்சி மாதிரி. தலையில அடிச்சுகிட்டேன். முழுச் செடியா அரைச்சா உரப்பைத் தூள்ல தண்டு அதிகம், தண்டுல சரக்கு கம்மி. நான் அளந்தது இலையோட கசப்பை இல்ல, இலைக்கும் குச்சிக்கும் உள்ள விகிதத்தை!

மறுபடி இலையை மட்டும் உருவி, அரைச்சு, அதே நாலு நாள். இந்தத் தடவை செம்மண் 7, மத்த மூணும் 6. உரப்பை மத்ததோட சமமா வந்து நின்னுருச்சு. மாமாங்கம் ஏன் மேல போகலன்னு யோசிச்சா, கஷ்டப்பட்ட செடி சீக்கிரம் பூத்துருச்சு, வெள்ளையில ஊதாக் கோடு போட்ட பூ மத்த பைக்கு மூணு வாரம் முன்னாடியே வந்துருச்சு, நான் அறுத்தப்ப அதுல காய் முத்தி வெயில்ல டப்பு டப்புன்னு வெடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதை அப்பவே தனியா அறுத்திருக்கணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல அறுத்தாதான் நியாயம்னு நெனச்சேன், செடிக்கு நாள் கணக்கு கிடையாது, பூவு தான் கணக்கு.

இந்தப் படி முறையில இன்னொரு ஓட்டை, ஒவ்வொரு படியும் ரெண்டு மடங்கு. அரைக்கால், கால் பங்கு வித்தியாசமெல்லாம் நாக்குக்குத் தெரியாது, நழுவிரும். அதோட இந்தச் செடியில நியோஆண்ட்ரோகிராஃபோலைடுன்னு கசக்காத தங்கச்சி ஒண்ணும் உண்டு, அது கூடுச்சா குறைஞ்சுச்சான்னு நாக்கை வச்சு சொல்லவே முடியாது. ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணியில லேசுல கரையாது வேற, லேப்ல மெத்தனால் ஊத்துவாங்க. நாங்க பாத்தது கசாயத்துல இறங்குனதை மட்டும். நம்ம குடிக்கறதும் அதைத்தானே.

இருந்தாலும் ஒரு தடவை நோட்டுல போட்டுப் பாத்தேன். ஒரு செடிக்கு இலை மட்டும் உரப்பையில 10 கிராம், செம்மண்ல 7, ஏற்காடு 6, மாமாங்கம் ரெண்டரை. 7 படின்னா 128 மடங்கு, 6 படின்னா 64. பெருக்குனா செம்மண் 896, உரப்பை 640, ஏற்காடு 384, மாமாங்கம் 160. காசு குடுத்து வாங்குன மண்புழு உரத்தை சும்மா கிடந்த காட்டு மண்ணு ஜெயிச்சுருச்சு. ஒரு படி முன்ன பின்ன ஆனா கணக்கு தலைகீழா மாறிரும்னும் தெரியும், அதனால இப்ப யார்கிட்டயும் அளந்து விடறதில்ல.

ஒரு எச்சரிக்கை: மேக்னசைட் இருக்குற மண்ணு வர்ற பாறையில நிக்கலும் குரோமியமும் இயல்பாவே அதிகமா இருக்கும், செடி அதை எடுத்துக்க வாய்ப்பு உண்டு. ருசி பாக்க ஒரு வாய் வச்சு துப்புனதோட சரி, மாமாங்கம் டப்பாவுல சிவப்பு மார்க்கர்ல "குடிக்காதே"ன்னு எழுதி மேல் அலமாரியில வச்சாச்சு. மருந்துச் செடி வளக்குறவங்க க்வாரி ஓரம், சாக்கடை ஓரம் மண்ணை எடுக்காதீங்க.

அறுத்த கட்டையில இப்ப மறுதாம்பு வந்துருக்கு. உரப்பைக்கு உரத்தை நிறுத்திட்டேன், ஏற்காடு பைக்கு முழுக்க மழைத் தண்ணி, பிஹெச் 6.3க்கு இறங்கிருக்கு. இந்தத் தடவை எந்தப் பை முதல்ல மொட்டு விடுதோ அது அன்னிக்கே அறுப்பு. அம்மா செம்மண் டப்பாவை மட்டும் எடுத்து அடுப்பங்கரையில மிளகு டப்பா பக்கத்துல வச்சுகிட்டாங்க, மத்தத கேட்டா "அதெல்லாம் உன் பரிட்சைக்கு வச்சுக்கோ"ங்கறாங்க.