ரவிக்கைத் துணி இல்லாமல் திரும்பி வந்த சுங்குடிச் சேலை: ரிட்டர்ன் பட்ட பாடு

ஒருவழியாகப் பணம் வந்துவிட்டது. ஆன்லைனில் வாங்கியவர் ரவிக்கைத் துணியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு சேலையைத் திருப்பி அனுப்பிய ஒரு ஆர்டருக்கு, விற்பனைத் தளத்திடமிருந்து 'நிராகரிக்கப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது' என்றே பதில் வந்துகொண்டிருந்தது. போன வாரம்தான் முழுத் தொகையும் ஏறியது. சேலை விற்கிற யாருக்கும் இது இன்றோ நாளையோ நடக்கும். ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலையும் கொஞ்சம் சுங்குடி டாப்ஸும் ஆன்லைன் தளங்களில் விற்கிறேன். லிஸ்டிங், பேக்கிங், பிக்கப் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாடாய்ப் படுத்துவது ரிட்டர்ன் ஒன்றுதான். அதிலும் ஆர்டிஓவில், அதாவது டெலிவரி ஆகாமலே திரும்பி வருவதில், பெரிய வம்பு இல்லை. கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் விட்டது, பெரும்பாலும் பிரிக்காத கவராகவே திரும்பிவிடும். வாங்கிப் பிரித்து, வைத்திருந்து அனுப்புகிறார்களே, அந்தக் கஸ்டமர் ரிட்டர்னைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

அன்றைக்கு டெலிவரி தம்பி ஒரு சாக்கு நிறைய ரிட்டர்னைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, "ஓடிபி சொல்லுங்கக்கா, இன்னும் அங்கிட்டு அனுப்பானடி வரைக்கும் போகணும்" என்று நின்றார். மொத்தச் சாக்குக்கும் ஒரே ஓடிபி. அதைச் சொன்ன மறு நிமிடம் எல்லாப் பார்சலும் வந்து சேர்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். "இருப்பா தம்பி, எண்ணிக்கிறேன்" என்று ஆப்பில் இருந்த ஏடபிள்யூபி நம்பரோடு (கூரியர் ஒவ்வொரு பார்சலுக்கும் தருகிற எண்) ஒவ்வொரு கவராக ஒத்துப் பார்த்தேன். ஒரு டாப்ஸ் குறைந்தது. அவருக்கு முகம் சுண்டிவிட்டது. வெயிலில் நிற்கிறவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நம்பரை லிஸ்டிலிருந்து எடுத்தபிறகுதான் ஓடிபி சொன்னேன். இதில் தயவுதாட்சண்யமே வேண்டாம். அந்தத் தம்பி கோபித்துக்கொண்டாலும் நாளைக்கு மறந்துவிடுவார், போன சரக்கு திரும்பாது.

அந்தச் சாக்கில்தான் இந்தச் சேலையும் வந்தது. கவர் மேலிருந்த லேபிளைக் காட்டி வீடியோவைத் தொடங்கிப் பிரித்தேன். கஞ்சி மொடமொடப்பு அப்படியே இருந்தது, அதனால் துவைக்கவில்லை. மடிப்பு மட்டும் என் மடிப்பு இல்லை. விரித்துக்கொண்டே கடைசி முனைக்கு வந்தால், அரக்கு உடம்பு முடிந்து பச்சையில் தொடங்க வேண்டிய ரவிக்கைத் துணியைக் காணோம். கத்தரி போன இடத்தில் நூல் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தது. கடைசி வரிசைப் புள்ளிகள் பாதியோடு அறுபட்டிருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒருவர் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, பிறகு அவிழ்த்தெடுத்தது. 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய துணி இது. வயிறு எரிந்தது.

வீடியோவோடு தளத்தில் இழப்பீட்டுக் கோரிக்கை போட்டேன். 'பொருளில் சேதம் தெரியவில்லை' என்று வந்தது. போனில் பிடித்தால், எதிர்முனையில் இருந்தவர், "மேடம், வீடியோவுல சேலை முழுசாத்தானே இருக்கு?" என்கிறார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்தே வரும் என்பதே அவருக்குத் தெரியாது. நமக்குக் கை வைத்தவுடன் தெரிகிற விஷயம் அவர்களுக்குக் கண்ணால் பார்த்தாலும் தெரியாது. பிசிறு, மடிப்பு, அறுந்த புள்ளி எதுவும் அங்கே செல்லாது. எண் வேண்டும்.

அதனால் சேலையைத் திரும்பத் தரையில் விரித்து, கவரின் லேபிள் கண்ணை விட்டு நகராதபடி பக்கத்தில் வைத்து, முனையிலிருந்து முனை வரை டேப் வைத்து அளந்தேன். நிறுத்தாமல் ஒரே வீடியோ. சேலை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர், ஆக 6.3 மீட்டர் என்று என் லிஸ்டிங்கிலேயே இருக்கிறது. டேப் ஐந்தரையில் நின்றது. எடை மெஷினிலும் வைத்தேன். அதே ரகத்தில் விற்காமல் இருந்த முழுச் சேலையையும் அதே மெஷினில் வைத்துக் காட்டினேன். லிஸ்டிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோபத்தில் புது டிக்கெட் (தளத்தில் பதிகிற புகார்) போடாதீர்கள். 'ஏற்கெனவே முடிந்த கோரிக்கை' என்று சொல்லி மூடிவிடுவார்கள், எனக்கு அப்படித்தான் ஒன்று மூடப்பட்டது. பழைய டிக்கெட்டுக்குள்ளேயே பதிலாகப் போட்டு, மேலதிகாரி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அளந்த வீடியோ அப்படிப் போன பிறகுதான் வழி பிறந்தது. கோரிக்கை போடக் கெடு உண்டு, அது தளத்துக்குத் தளம் மாறும். ரிட்டர்ன் வந்த அன்றே பிரித்துவிடுவது நல்லது.

இப்போது ரவிக்கைத் துணியின் ஓரத்தையும் முந்தானை ஓரத்தையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டுவிடுகிறேன். டேக்கை அறுக்காமல் ரவிக்கைத் துணியைத் தனியாக எடுக்க முடியாது. அறுந்திருந்தால் வீடியோவில் பளிச்சென்று தெரியும். ஒரு டேக்குக்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை.

'நிறம் வேறு' என்று வருகிற ரிட்டர்ன் குறைய, மொட்டை மாடி வெயிலில் எடுத்த படத்தை எடுத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் எடுத்துப் போட்டேன், வித்தியாசம் தெரிகிறது. முதல் தடவை கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக அலசவும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து உள்ளே வைக்கிறேன். டாப்ஸுக்கு எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று மட்டும் போடாமல், துணியைத் தட்டையாக விரித்து அளந்த மார்பளவையும் நீளத்தையும் இஞ்சில் கொடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஜிஎஸ்டி போடும்போதும் ரிட்டர்ன் ரிப்போர்ட்டை மறக்காதீர்கள். போன மாதம் விற்றது இந்த மாதம் திரும்பினால், இந்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்குப் படிவத்தில் கழிக்க வேண்டும். நமக்குத் தருகிற பணத்தில் தளம் முன்கூட்டியே பிடிக்கிற வரியான டிசிஎஸ்ஸும் ரிட்டர்ன் போக மிஞ்சிய விற்பனைக்குத்தான். 2024 ஜூலை 10 முதல் அது 0.5 சதவீதம். அவர்கள் காட்டுகிற தொகையும் உங்கள் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிடைக்காத காசுக்கு வரி கட்டிக்கொண்டிருப்போம்.

குறைந்த அந்த டாப்ஸைத் தேடிக் கப்பலூர் பக்கம் உள்ள கூரியர் குடோனுக்கே போனேன். அரை நாள் வீண். "சிஸ்டத்துல அவுட் ஃபார் டெலிவரின்னு காட்டுதுக்கா, இங்க இல்ல" என்ற பதிலோடு திரும்பினேன். ஆனால் ஓடிபிக்கு முன்னால் லிஸ்டிலிருந்து எடுக்கவைத்த ஸ்கிரீன்ஷாட் கையில் இருக்கிறது. அதை வைத்துத் தொலைந்த சரக்கு என்று கோரிக்கை போட்டிருக்கிறேன். நேற்று 'பரிசீலனையில்' என்று மாறியிருக்கிறது.