சோற்று மலையும் சிவந்த பேடாவும்: கோவர்த்தனத்தில் அன்னகூடம்

சோற்றை மலையாகக் குவித்துப் படைக்கும் விழாவான அன்னகூடம் பார்க்கக் கோவர்த்தனத்துக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குவது தேதியில்தான். நம் தீபாவளி நரக சதுர்த்தசி விடியற்காலை. வடக்கே அது அமாவாசை இரவு. சில ஆண்டு இரண்டும் ஒரே தேதியில் வரும், சில ஆண்டு வராது. அன்னகூடம் இந்த இரண்டையும் பார்க்காது. அமாவாசை கழிந்து வருகிற வளர்பிறைப் பிரதமைதான் அதற்குக் கணக்கு. "தீபாவளிக்கு மறுநாள்தானே" என்று டிக்கெட் எடுத்தால் ஏமாற வேண்டியிருக்கும். 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டும் தீபாவளிக்கும் அன்னகூடத்துக்கும் நடுவில் ஒரு நாள் சும்மா விழுந்தது; 2022இல் அந்த நடுநாளில் சூரிய கிரகணமே வந்தது. பஞ்சாங்கத்தில் கார்த்திகை (அவர்கள் கணக்கில்) சுக்ல பிரதமை என்றைக்கு என்று பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

மதுராவிலிருந்து கோவர்த்தனம் 22 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இந்திரனுக்குப் படைக்க இருந்ததை மலைக்குப் படை என்று கண்ணன் திருப்பிவிட்ட இடம். பெரியாழ்வார் இதைப் பாடும்போது சோற்றை மலையாகவும் தயிரைக் குளமாகவும் நெய்யைச் சேறாகவும் காட்டுகிறார். பாசுரத்தில் படிக்கும்போது கற்பனை போலத்தான் இருக்கும். மலையடிவாரத்து ஜதிபுராவில் முகாரவிந்தம் (திருமுகம்) என்று வணங்கும் பாறைக்கு முன்னால் வேகவைத்த சோற்றைக் குவித்து, சுற்றிலும் பட்சணத் தட்டுகளை அடுக்கியிருப்பதைக் கண்டால் கண்ணால் பார்த்து எழுதிய வரி போலத் தோன்றும். வீடுகளில் வாசலிலேயே பசுஞ்சாணத்தால் கோவர்த்தன உருவம் படுத்த நிலையில் பிடித்து, தொப்புளில் குழி விட்டுப் பாலும் பத்தாசா என்ற சர்க்கரை வில்லையும் இடுவார்கள். இந்த மலையில் இருந்த ஸ்ரீநாத்ஜி என்ற கண்ணன் ஔரங்கசீப் காலத்தில் இங்கிருந்து புறப்பட்டு 1672இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் அமர்ந்தார். அங்கும் அதே நாளில் சோற்று மலை உண்டு. பில் பழங்குடியினர் உள்ளே வந்து அள்ளிக்கொண்டு போவது அங்கே வழக்கம், உரிமையும்கூட.

படைக்கிற உணவை மதுராவைச் சுற்றிய இந்த விரஜ பூமியில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். வல்லபாசாரியார் வழிக் கோயில்களில் சகடி, அனசகடி, தூத்கர் என்று மூன்று. தண்ணீரில் வெந்த சோறு, பருப்பு, கடி என்ற கடலை மாவுத் தயிர்க் குழம்பு எல்லாம் சகடி. ஆசாரம் அதிகம், அங்கேயே அப்போதே சாப்பிட வேண்டியவை. நெய்யில் பொரித்த பூரி, லட்டு, மட்ரி எல்லாம் அனசகடி. பால் சுண்டிச் செய்தவை தூத்கர். ஊருக்கு எடுத்து வரும் பிரசாதம் பேடா என்ற பால் இனிப்பாகவும் லட்டுவாகவும் மட்டும் இருப்பதற்குக் காரணம் இந்தப் பிரிவுதான். தண்ணீர் சேராதது கெடாது என்ற சமையல் அறிவே இங்கே ஆசாரமாக நிற்கிறது என்பது என் எண்ணம். 56 வகை படைக்கும் சப்பன் போகுக்கும் ஒரு கணக்குச் சொல்வார்கள். யசோதை ஒரு நாளைக்கு எட்டு வேளை ஊட்டுவாள், மலையைத் தாங்கிய ஏழு நாளும் பிள்ளை பட்டினி, ஏழெட்டு ஐம்பத்தாறு.

அன்றைய பிரசாதம் எளியது: சோறு, கடி, எல்லாக் காயும் சேர்ந்த ஒரு கறி, பூரி. வெங்காயமும் பூண்டும் கிடையாது. கடியை நம் மோர்க்குழம்பு என்று நினைத்துச் செய்தால் கெடும். மோர்க்குழம்பு நுரை கட்டியதும் இறக்க வேண்டியது. கடி கொதிக்கக் கொதிக்கத்தான் கடி. 100 கிராம் கடலை மாவு, நன்றாகப் புளித்த தயிர் அரை கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர். மாவைத் தயிரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே தண்ணீர். அடுப்பில் ஏற்றியதிலிருந்து முதல் கொதி வரை கரண்டியை எடுக்கக் கூடாது. மாவு வெந்து தயிரைப் பிடித்துக்கொள்வதற்குள் கிளறலை நிறுத்தினால் திரிந்துவிடும். கொதி வந்தபின் சிறு தீயில் 40 நிமிடம். அதற்கு முன்னால் இறக்கினால் பச்சை மாவு வாசம் போகாது. உப்பைக் கொதி வந்த பிறகு போடுவது பத்திரம். கடியில் போடும் பகோடிக்குக் கடலை மாவைக் கெட்டியாகக் கரைத்துக் கையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். முங்கினால் பகோடி கல்லாகத்தான் வரும். வெந்தயம், சீரகம், பெருங்காயம், வற்றல் மிளகாய் நெய்யில் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

கறியில் முள்ளங்கி, பூசணி, கத்தரி, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, காலிபிளவர், அவரை, வெந்தயக்கீரை என்று மழைக்காலம் முடிந்து புதிதாக வந்த காயெல்லாம் விழும். வகை கூடக் கூடப் பெருமை. கிழங்கு முதலில், நீர்க்காய் பிறகு, கீரை கடைசி. தண்ணீர் ஊற்ற வேண்டாம். பூசணியும் முள்ளங்கியும் விடுகிற நீரே போதும். ஆம்சூர் என்ற மாங்காய்ப் பொடியை எல்லாம் வெந்த பிறகுதான் தூவ வேண்டும். புளிப்பு முன்னால் விழுந்தால் கிழங்கு எவ்வளவு நேரம் கிடந்தாலும் விறைப்பாகவே இருக்கும்.

மதுராவுக்கு வந்தால் பேடா. விஸ்ராம் காட் பக்கத்திலும் 1814இல் கட்டப்பட்ட துவாரகாதீசர் கோயில் தெருவிலும் கடைக்குக் கடை பழுப்புக் கோபுரமாக அடுக்கியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பழகிய நாக்குக்கு இது வேறு சாதி. அங்கே பாலும் சர்க்கரையும் சேர்ந்தே சுண்டும். இங்கே சர்க்கரை சேராத கோவாவைத் தனியாகச் சிவக்க வறுத்து, ஆறிய பிறகே இனிப்புச் சேரும். ருசி முழுவதும் அந்த வறுவலில் இருக்கிறது.

ஐந்து லிட்டர் எருமைப் பாலைச் சுண்டினால் ஏறக்குறைய ஒரு கிலோ கோவா. பசும்பாலில் இன்னும் குறையும். அடி கனத்த இரும்பு வாணலியில் இரண்டு ஸ்பூன் நெய் விட்டு, உதிர்த்த கோவாவைப் போட்டுச் சிறு தீயில் வறுக்க வேண்டும். முதலில் இளகும், பிறகு நெய் விட்டு உதிரும், பிறகுதான் நிறம் மாறும். நிறம் மாறத் தொடங்கியதும் 50 மில்லி பால் தெளித்து, அது வற்றும் வரை மறுபடி வறுவல். இப்படி இரண்டு மூன்று தரம். பால் தெளிக்காமல் ஒரே மூச்சில் வறுத்தால் வெளியே கருகி உள்ளே வெளுத்திருக்கும். ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அவசரப்படக் கூடாது. கைச்சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு 350 முதல் 400 கிராம் பூரா சர்க்கரையும் ஏலப்பொடியும் பிசைந்து, தட்டிப் பூராவிலேயே புரட்ட வேண்டும். சூட்டில் சர்க்கரை போட்டால் உருகிக் களியாகிவிடும். அதை மறுபடி அடுப்பில் ஏற்றினால் மிட்டாய் போல இறுகும். காப்பாற்ற வழியில்லை.

பூரா என்பது மிக்ஸியில் பொடித்த சர்க்கரை அல்ல. ஒரு கிலோ சர்க்கரைக்கு 300 மில்லி தண்ணீர் விட்டு, தண்ணீரில் விட்ட சொட்டு கெட்டி உருண்டையாக நிற்கும் வரை காய்ச்சி, ஒரு ஸ்பூன் நெய் விட்டு இறக்கி, மரக் கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருந்தால் பாகு தானே மணலாக உதிரும். சலித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சாதாரணப் பொடி சர்க்கரை ஈரம் இழுத்துப் பேடாவைப் பிசுபிசுக்க வைக்கும்.

வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மட்டும் ஏமாறக் கூடாது. பிட்டால் மணல் மணலாக உடைய வேண்டும். வாயில் மெழுகு போல ஒட்டினால் வனஸ்பதி கலந்திருக்கலாம். மாவு கலந்த சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு அயோடின் டிஞ்சர். நீலமானால் அது கோவா மட்டும் அல்ல.

கிரிவலம் 21 கிலோமீட்டர், ஏழு கோசு, வெறுங்காலோடு. தான்காட்டியில் தொடங்கி ஆன்யோர், பூஞ்சரி, ஜதிபுரா வழியே திரும்புவது பெரிய சுற்று. ராதா குண்டம், குசும சரோவர் வழியே போவது சின்ன சுற்று. மலைமேல் கால் வைக்க மாட்டார்கள். காலை நான்கு மணிக்கு நடக்கத் தொடங்கினால் வெயிலுக்கு முன்னால் பெரிய சுற்று முடியும். கிளம்பும் முன் வயிறு நிறையப் பேடயி சாப்பிடுவது தவறு. உளுத்தம்பருப்பைக் கரகரப்பாக அரைத்துச் சோம்பு, பெருங்காயத்தோடு கோதுமை மாவில் பிசைந்து பொரிக்கிற பூரி அது. காரமான உருளைக்கிழங்கு ரசாவோடு அருமைதான், ஆனால் நடையில் நெஞ்சைக் கரிக்கும். சுற்று முடித்துச் சாப்பிட்டு மேலே ஒரு ஜிலேபி, பிறகு குல்லடில் (மண் குவளையில்) லஸ்ஸி.

பிருந்தாவனத்தில் இனிப்பு மாதத்துக்கு மாதம் மாறும். சிராவண வளர்பிறைத் திருதியையான ஹரியாலி தீஜில் பாங்கே பிஹாரி கோயில் கண்ணன் பொன்னூஞ்சலில் அமரும்போது கேவர், பேனி என்ற நெய் இனிப்புகள். கண்ணன் பிறப்புக்குத் தானியம் விலக்கிய மல்லிப்பொடிப் பஞ்சீரி. பௌஷ (மார்கழி–தை) மாதக் குளிரில் ராதாவல்லபர் கோயிலில் மாதம் முழுக்கக் கிச்சடி. பஞ்சீரி மட்டும் வீட்டில் சுலபம்: ஒரு கப் மல்லிப்பொடி, மூன்று மேசைக்கரண்டி நெய், முக்கால் கப் பூரா, அரை கப் கொப்பரைத் துருவல், நெய்யில் மொறுமொறுப்பாக வறுத்து நறுக்கிய மக்கானா (அல்லி வகை விதைப் பொரி) ஒரு கைப்பிடி. மல்லிப்பொடியை வாசம் வந்ததும் இறக்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் கசப்பு.

அதே ஊரில் 1851இல் முடிந்த ரங்கஜி கோயிலில் ஆண்டாளோடு ரங்கமன்னார் நிற்கிறார். தென்னாட்டுக் கோபுரம், தென்னாட்டு வைணவ வழிபாடு. வில்லிபுத்தூர்க்காரியை இங்கே கண்டுவிட்டு வெளியே வரும்போது கையில் பேடாப் பொட்டலம் இருந்தால் பைக்குள் போட்டுவிடுங்கள்; குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு பண்டத்துக்குப் பேரம் பேசும்.

மதுரா சந்திப்பு டில்லி–சென்னைப் பாதையிலேயே இருக்கிறது. ரயிலில் பேடாவை பிளாஸ்டிக் பையில் அடைத்து மூடினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். அட்டைப் பெட்டியில், அடியில் காகிதம் விரித்து, ஒற்றை அடுக்காக வைத்தால் நன்றாக வறுத்தது வீடு வந்தும் பல நாள் இருக்கும். வெளுத்த பேடாவை நாக்பூர் வருவதற்குள் தின்று தீர்த்துவிடுவது மேல்.