எழுதிவிட்டுக் கேட்க வேண்டும்

செஸ் ஆர்பிட்டர், அதாவது ஆட்ட நடுவர், என்றால் சும்மா கையைக் கட்டிக்கொண்டு நடப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி, கண்ணுக்குத் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது.

நான் ஆர்பிட்டராக இருந்த ஒரு தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் நடந்தது இது. மற்ற பலகைகள் எல்லாம் முடிந்துவிட்டன, ஒன்றைத் தவிர. வெள்ளையிடம் யானையும் பிஷப்பும், கறுப்பிடம் யானை மட்டும். கறுப்பில் ஆடியவள் பள்ளி மாணவி. 68-வது நகர்த்தலில் கடைசிச் சிப்பாயை வெட்டியிருந்தாள். புத்தகப்படி பெரும்பாலும் டிரா ஆகும் நிலைதான். ஆனால் காப்பாற்றுகிறவருக்கு உயிர் போய்விடும். அவள் க்ளாக்கில் ஒரு நிமிடம்கூட இல்லை. நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுவதை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

90-வது நகர்த்தல். யானையை வைத்தாள், க்ளாக்கை அழுத்தினாள், அப்புறம் கையைத் தூக்கினாள். "சார், டிரா. மூணாவது தடவை."

ஒரே நிலை பலகையில் மூன்றாவது தடவை வந்தால் டிரா கேட்கலாம். மூன்றாவது தடவைதான். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த நிலையைக் கொண்டுவரும் நகர்த்தலை முதலில் ஸ்கோர் ஷீட்டில் எழுதி, காயைத் தொடாமல் ஆர்பிட்டரைக் கூப்பிட வேண்டும். நகர்த்தி க்ளாக்கையும் அழுத்திவிட்டால் கேட்கும் உரிமை எதிராளிக்குப் போய்விடும். ஜெயிக்கப் பார்க்கிறவர் எதற்குக் கேட்பார்? "இப்போது கேட்க முடியாது, ஆட்டம் தொடரட்டும்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டேன். விதி சரிதான்; அன்றைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

வெள்ளை வேறு வழியில் நெருக்கியது. அவள் ராஜா ஓரத்துக்குப் போனது, மீண்டது, மறுபடி போனது. எனக்கு வந்த தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகக்கூட மனமில்லை.

118-வது நகர்த்தலில் பேனாவை எடுத்து எழுதினாள். காயைத் தொடவில்லை. க்ளாக்கை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சார், 50 நகர்த்தல்."

இரு பக்கமும் 50 நகர்த்தல் வரை எந்த வெட்டும் சிப்பாய் நகர்த்தலும் இல்லையென்றால் டிரா கேட்கலாம். இரண்டு ஷீட்டையும் வாங்கி, 69-இலிருந்து இரண்டு முறை எண்ணினேன். வெட்டு இல்லை, சிப்பாயே இல்லை. டிரா.

கைகுலுக்கி, கையெழுத்துப் போட்ட பிறகு என்னிடம் வந்தாள்.

"சார், 90-ல அது மூணாவது தடவைதானே?"

"ஆமாம்மா."