சிவப்புப் பொத்தானுக்கு அறுபது வெள்ளி

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர், அதாவது தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் தொட்டி, ஒன்று இருந்தது. 12 வருடமாக அதை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. போன மாதம் ஒருநாள் மாமியார் குளிக்கப் போன வேகத்தில் வெளியே வந்தார். "மாப்பிள்ளை, குழாய் சீறுது!" தண்ணீரும் ஆவியும் கலந்து துப்பிக்கொண்டிருந்தது. நல்லவேளை, கை வைக்கவில்லை. சற்று நேரத்தில் சூடே வராமல் போனது.

போன் செய்ததும் ஒருவர் வந்தார். ஏணி போட்டு ஏறினார், சிவப்புப் பொத்தான் ஒன்றை அமுக்கினார், இறங்கினார். "கட்-அவுட் விழுந்திருச்சுண்ணே, ரீசெட் பண்ணிட்டேன்." ஐந்து நிமிடம், அறுபது வெள்ளி. அது ஏன் விழுந்தது என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கைவிட்டு, தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது மின்சாரத்தை வெட்டத்தான் கட்-அவுட். யாராவது காரணத்தைப் பார்க்கட்டும் என்றுதான் அது தானாகத் திரும்பாமல், கையால் அமுக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் இரவு கூரைக்குள் கெண்டி கொதிப்பதுபோல் சத்தம். தொட்டியில் அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் அழுத்த வால்விலிருந்து வரும் குழாயில் வெந்நீர் சொட்டியது. அவருக்கே மறுபடி போன் போட்டேன். "அந்தக் குழாய்க்கு ஒரு மூடி போட்டுருங்க, சொட்டாது" என்றாரே பார்க்கலாம்! தொட்டி வெடிக்காமல் இருப்பதே அந்த வழி திறந்திருப்பதால்தான். தயவுசெய்து யாரும் அதை அடைக்காதீர்கள்.

ஹீட்டர் சுவிட்சை அணைத்தேன், வீட்டு மின்சாரப் பெட்டியான டிபி பாக்ஸிலும் அதன் பிரேக்கரை இறக்கினேன். வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் விடியும்வரை ஆறவிட்டேன்.

ஸ்டோரேஜ் ஹீட்டர் பொருத்துவது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் செய்ய வேண்டிய வேலை. பட்டியல் அவர்கள் இணையத்தளத்திலேயே இருக்கிறது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் அறுபது வெள்ளி மிஞ்சியிருக்கும். வந்த பிளம்பர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சூடுகாட்டி, மீட்டர் வைத்துப் பார்த்தார். தொடர்பு விடவே இல்லை, உள்ளே ஒட்டிப்போயிருந்தது. தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியம் கம்பியும் அரித்துக் குச்சியாகியிருந்தது. தொட்டியையே மாற்றுவது என்று முடிவானது.

ஆனால் சீலிங்கில் விட்டிருந்த திறப்பு இரண்டு கை நுழையும் அளவுதான். தொட்டி எப்படி வெளியே வரும்? அன்றைக்கு அவர் வந்தது வீண், வருகைக் கட்டணம் மட்டும் போனது. கூப்பிடும் முன்பே திறப்பில் அளவு நாடா வைத்து ஒரு படம், ஹீட்டர் லேபிளை ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

சீலிங்கை வெட்ட இன்னொருவர், இன்னொரு நாள். அப்புறம் புதுத் தொட்டி ஒரே காலையில் ஏறிவிட்டது. வெட்டிய இடத்தை இன்னும் மூடவில்லை. மனைவிக்கு அது அசிங்கம். எனக்கோ, கீழே நின்றே வால்வு தெரிகிறது, அது போதும்.