சாம்பல் கல்லைச் சோதனையில் தேற்றிய கதை

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சிறிய கான்கிரீட் கல் கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. மணலில் ஒரு பங்குக்குப் பதில் குப்பை எரியாலையில் உலையின் அடியில் தங்கும் அடிச்சாம்பலைப் போட்டு நடைபாதைக் கல் வார்க்கலாம் என்றார் முதலாளி. எனக்கும் ஆசைதான். சிங்கப்பூரில் குப்பையை எரித்து மிஞ்சும் சாம்பல் செமாக்காவ் தீவுக்குத்தான் போகிறது. 1999இல் திறந்த அந்தக் குப்பைக் கிடங்கு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

முதல் நாள் வார்த்த கல் அச்சுக்குள் இட்லி மாவு போலப் பொங்கி நின்றது. சாம்பலில் கிடந்த அலுமினியத் துணுக்குகள் சிமெண்டின் காரம் பட்டு ஹைட்ரஜன் வாயுவை விட்டிருக்கின்றன. உலோகத்தை இன்னொரு முறை பிரித்தெடுத்த பிறகு பொங்குவது நின்றது. வலிமைச் சோதனை 28 நாளில் முடிந்தது. சாம்பலிலிருந்து தண்ணீரில் எவ்வளவு உலோகம் கரைந்து வருகிறது என்று பார்க்கும் தண்ணீர்ச் சோதனைதான் பத்து மாதம் இழுத்தது.

சாம்பலை 4 மில்லிமீட்டருக்குள் சலித்து, பத்து மடங்கு தண்ணீர் ஊற்றி, 24 மணி நேரம் பாட்டிலைச் சுழற்றி, வடிகட்டி, உலோகங்களை அளக்கிறார்கள். எங்கள் சாம்பலில் ஈயம் வரம்பைத் தாண்டியது. ஆய்வுக்கூடத்து அக்கா, "தம்பி, இது எரியாலையிலிருந்து வந்து எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார். ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதுச் சாம்பலின் பிஎச் 12ஐ ஒட்டி இருக்கும், அதாவது கடும் காரம். ஈயம் அமிலத்தில் மட்டுமல்ல, அந்தக் காரத்திலும் கரையும். சரி என்று கொட்டகையில் பரப்பி, ஈரம் காட்டி, கிளறிக் கிளறி மூன்று மாதம் விட்டோம். காற்றிலுள்ள கரியமில வாயுவால் காரம் இறங்கியது, ஈயமும் இறங்கியது. ஆனால் ஆன்டிமணி என்ற இன்னொரு நச்சுத் தனிமம் ஏறிவிட்டது! அதற்குக் காரம் குறைந்தால்தான் கொண்டாட்டம். சாம்பலுக்கு வயது கேட்காமல் சோதனைக்கு அனுப்பாதீர்கள், ஈயத்தை மட்டும் பார்த்தும் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது முழுக் கல். 64 நாள் தண்ணீரில் ஊறவேண்டும், எட்டு முறை தண்ணீர் மாற்றவேண்டும். முதல் மாற்றம் ஆறே மணி நேரத்தில் என்பதால் அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. கல் தேறியது.

அதையே உடைத்துத் தூளாக்கியும் சோதிக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். "முழுக் கல்தான் தேறிடுச்சே, அப்புறம் எதுக்கு?" என்றார் முதலாளி. இருபது வருடம் கழித்து யாரோ அதைப் பெயர்த்து உடைப்பார்கள், அந்தத் தூள் மேல் மழை பெய்யும். அதற்கும் நாம்தான் பொறுப்பு என்றேன். தூளில் ஈயம் மறுபடி தாண்டியது. சாம்பல் அளவைப் பாதியாக்கி, மறுபடி வார்த்து, மறுபடி 64 நாள். இந்த முறை தூளும் தேறியது.

இப்போது எங்கள் லாரி நிறுத்துமிடத்தில் ஒரு மூலைக்கு அந்தக் கல்தான். அடியில் ஒரு குழாய், குழாய் முனையில் வாளி. மழை விட்டதும் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.