கூகுள் ஆட்ஸ் மெஷர்மென்ட் தேர்வு: ‘டிவைஸ்’ பத்தியில் வழுக்காமல் இருக்க

விளம்பரப் பலனை அளப்பது பற்றிய கூகுளின் சான்றிதழ் தேர்வு இது. முதல் முறை போச்சு. ஒரு நாள் இடைவெளி விட்டு எழுதியதில் தேறியாயிற்று. தேர்வு நேரம் 75 நிமிடம், தேற 80 சதவீதம் வேண்டும். மதிப்பெண்ணைத் தின்றது ஒரே இடம்தான்: மொபைல் விளம்பரத்தின் பலனைச் சாதனம் வாரியாகப் படிப்பது. மற்ற பாடங்களை கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் ஒருமுறை நிதானமாக ஓட்டினாலே போதும். இணையத்தில் சுற்றும் விடைத்தாள்களைத் தொடவேண்டாம். பாதி பழசு, மீதி தப்பு.

மொத்தச் சராசரியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு கணக்கு. (கன்வெர்ஷன் என்றால் கிளிக் செய்தவர் பொருள் வாங்குவது போல நாம் விரும்பிய செயலைச் செய்வது.) போன மாதம் கணினியில் 600 கிளிக், 36 கன்வெர்ஷன் (6%). மொபைலில் 400 கிளிக், 8 கன்வெர்ஷன் (2%). மொத்தம் 4.4%. இந்த மாதம் கணினியில் 400 கிளிக், 26 கன்வெர்ஷன் (6.5%). மொபைலில் 1,600 கிளிக், 40 கன்வெர்ஷன் (2.5%). மொத்தம் 3.3%. இரண்டு சாதனத்திலும் விகிதம் ஏறியிருக்கிறது, மொத்தமோ இறங்கியிருக்கிறது. கெட்டுப்போனது எதுவும் இல்லை, மொபைல் கிளிக்கின் பங்கு கூடியதுதான் காரணம். ‘கேம்பெயின் மந்தமாகிவிட்டது, விளம்பர வாசகத்தை மாற்று’ என்று ஒரு விடை கண்ணைச் சிமிட்டினால், முதலில் செக்மென்ட்டில் (அறிக்கையை வகை வாரியாகப் பிரிக்கும் வசதி) டிவைஸைப் போட்டுப் பிரிக்கச் சொல்லும் விடையைத் தேடுங்கள்.

அடுத்தது, எல்லோரும் இடறும் இடம். கூகுள் ஆட்ஸ் அறிக்கையில் ‘டிவைஸ்’ என்பது கிளிக் நடந்த சாதனம், பொருள் வாங்கிய சாதனம் அல்ல. ஒருவர் இரவு மொபைலில் விளம்பரத்தைத் தட்டிவிட்டு, மறுநாள் மடிக்கணினியில் பணம் கட்டினால், அந்த கன்வெர்ஷன் மொபைல் கணக்கில், அதுவும் கிளிக் நடந்த நாளின் கணக்கில் ஏறும். அதே விற்பனை கூகுள் அனலிட்டிக்ஸில் (வலைத்தளத்துக்கு வருபவர்களை அளக்கும் கருவி) கணினியின் பெயரில் நிற்கும். இரண்டு எண்ணும் மோதுவது கோளாறு அல்ல, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். இதை அறியாதவர் அனலிட்டிக்ஸை மட்டும் பார்த்து மொபைல் பிட்டை (ஒரு கிளிக்குக்கு நாம் தரத் தயாராக இருக்கும் ஏலத்தொகை) குறைப்பார். சில வாரத்தில் கணினி விற்பனையும் சேர்ந்து சரியும். கடைசி சில நாள் எண்கள் எப்போதும் மெலிந்தே தெரியும், ஏனென்றால் தாமதமாக வரும் கன்வெர்ஷன்கள் இன்னும் வந்து சேரவில்லை. அந்த நாட்களை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

பிட் சரிக்கட்டல் பற்றி. மொபைலுக்கு –30% போட்டால் என்ன ஆகும்? பிட் உத்தியைப் பொறுத்தது.

- மேனுவல் சிபிசி (ஒரு கிளிக்குக்கான தொகையை நாமே வைப்பது): 10 ரூபாய் பிட் 7 ரூபாய் ஆகும்.
- டார்கெட் சிபிஏ (ஒரு கன்வெர்ஷனுக்கு ஆகும் சராசரிச் செலவை இலக்காக வைப்பது): பிட் அல்ல, இலக்கே மாறும். 200 ரூபாய் இலக்கு மொபைலுக்கு மட்டும் 140.
- டார்கெட் ரோஆஸ் (விளம்பரச் செலவுக்கு இவ்வளவு வருவாய் என்று இலக்கு வைப்பது), இலக்குத் தொகை வைக்காத மேக்ஸிமைஸ் கன்வெர்ஷன்ஸ் (பட்ஜெட்டுக்குள் முடிந்தவரை கன்வெர்ஷன் எடுப்பது): –30% கண்டுகொள்ளப்படாது. –100% மட்டுமே செல்லும். அதாவது அந்தச் சாதனத்தை அடியோடு விலக்கலாம், பாதி விலக்க முடியாது.

இந்த மூன்று வரியை ஒரு துண்டுத்தாளில் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். மனப்பாடம் எனக்கே பிடிக்காது, ஆனாலும்.

ஆடியன்ஸ் பகுதி சுலபம்தான். சர்ச் கேம்பெயினில் (தேடல் முடிவுகளில் வரும் விளம்பரம்) ஒரு ஆடியன்ஸ் பட்டியலை, அதாவது குறிப்பிட்ட வகை ஆட்களின் பட்டியலை, ‘அப்சர்வேஷன்’ முறையில் சேர்த்தால் விளம்பரம் யாருக்குப் போகிறது என்பது குறையாது, எண்கள் மட்டும் தனியாகக் கிடைக்கும். ‘டார்கெட்டிங்’ என்று வைத்தால் அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒருவருக்கும் போகாது. வயது, பாலினத்தில் ‘தெரியாதவர்’ என்ற வகையைச் சுத்தம் செய்கிறேன் என்று நீக்கினால் வாங்குபவர்களில் ஒரு பகுதியும் வெளியே போய்விடும்.

இன்னும் சில, அவசரமாக:

டிஸ்ப்ளேயில் (மற்ற தளங்களிலும் செயலிகளிலும் தோன்றும் விளம்பரம்) மொபைல் கேம் செயலிகளின் கிளிக் விகிதம் கண்ணைப் பறிக்கும், கன்வெர்ஷன் பூஜ்யமாக இருக்கும். விரல் தவறிய தட்டல்கள். விளம்பரம் தோன்றிய இடங்களின் அறிக்கையைப் பார்த்து அவற்றை விலக்குங்கள்.

பார்க்கப்பட்டதாகக் கணக்கில் சேர, டிஸ்ப்ளே விளம்பரத்தின் பரப்பில் 50% தொடர்ந்து 1 நொடி திரையில் இருக்கவேண்டும், வீடியோவுக்கு 2 நொடி.

ஆப் கேம்பெயின் தினசரி பட்ஜெட்: இன்ஸ்டால் இலக்கென்றால் ஒரு இன்ஸ்டாலுக்கான இலக்குத் தொகையின் 50 மடங்காவது, செயலிக்குள் நடக்கும் செயல் இலக்கென்றால் 10 மடங்காவது. இன்ஸ்டாலுக்கு 20 ரூபாய் என்றால் நாளுக்கு 1,000. அதற்குக் கீழே வைத்தால் கூகுளின் அமைப்பு கற்றுக்கொள்ளத் தரவு போதாது.

ஆண்ட்ராய்டையும் ஐபோனையும் ஒரே வாரத்தில் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்ததிலிருந்து, மற்ற நிறுவனங்களின் செயலிகளுக்குள் பின்தொடரப் பயனர் அனுமதி வேண்டும். ஆப்பிளின் விளம்பர அளவீட்டு முறையான எஸ்கேஅட்நெட்வொர்க் தரும் தகவல் தாமதமாகவும் ஆள் அடையாளம் இன்றியும் வரும்; நுண்மதிப்பு (இன்ஸ்டாலுக்குப் பின் பயனர் செய்ததைக் குறிக்கும் எண்) 0 முதல் 63 வரைதான். திங்கட்கிழமை ஐபோன் எண் குறைவாகத் தெரிகிறதென்று பட்ஜெட்டை ஆண்ட்ராய்டுக்கு நகர்த்தச் சொல்லும் விடை தவறு.